வரவேற்பறையிலிருந்து விமர்சனம்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் பார்த்த படங்களைப் பற்றித் தாங்களே எழுதி உறவினரோடும் நண்பரோடும் பகிர்ந்துகொள்ளும் வாசகர்களின் கேள்விகளை மட்டுமே இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்கள் நீளமாக இருந்தமையால் அவற்றைச் சுருக்கியிருக்கிறேன், பொருளை மாற்றவில்லை.

கேள்வி (ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, கும்பகோணம்): வாரத்துக்கு மூன்று படமாவது வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். பார்த்து முடித்ததும் ஒரு பக்க அளவில் எழுதி, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவேன். "சினிமாவைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி இருக்கிறது, அம்மா?" என்று மகன் சிரிக்கிறான். அவன் கேட்பது சரிதானோ என்று எனக்கே இப்போது தோன்றத் தொடங்கிவிட்டது.

பதில்: உங்கள் மகனுக்கு ஒரு பழைய கதையைச் சொல்லுங்கள், அம்மா. 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக வேடமேற்ற 'பக்த நந்தனார்' வெளிவந்தது. அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் என்ற செய்தியே அந்நாளில் ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. ஆனந்த விகடனில் அப்படத்துக்கு விமர்சனம் எழுதிய கல்கி, பனைமரமும் எருமைக்கடாவும்தான் அதில் நன்றாக நடித்திருந்தன என்ற பொருள்பட எழுதிவிட்டார். அவர் எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். பயில நினைத்திருந்தாலும் முடிந்திராது, ஏனெனில் தமிழ் பேசும் படம் பிறந்தே அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. திரையில் எது உயிரோடு அசைந்தது, எது அசையவில்லை என்பதைக் கூர்ந்து பார்த்தார். பார்த்ததை அஞ்சாமல் எழுதினார். தமிழில் திரை விமர்சனம் இப்படித்தான் தொடங்கியது.

அதற்காக, யார் எதை எழுதினாலும் அது விமர்சனமாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தொழில்முறை விமர்சகருக்கு நூற்றுக்கணக்கான படங்களின் நினைவும், ஒரு காட்சி எவ்வாறு எடுக்கப்படுகிறது என்ற அறிவும் துணை நிற்கின்றன. அவை உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவரிடம் இல்லாத இரண்டு உங்களிடம் உண்டு. முதலாவது நேரம். பத்திரிகையாளர் காட்சியில் ஒரே தடவை பார்த்துவிட்டு அன்று மாலைக்குள் எழுதித் தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கிறது. நீங்களோ ஐயமுள்ள காட்சியை நிறுத்தி, பின்னே தள்ளி, மறுபடியும் பார்க்கலாம், அடுத்த வாரமும் பார்க்கலாம். இரண்டாவது, நீங்கள் வாழ்ந்த வாழ்க்கை. ஒரு படத்தில் பள்ளி வருகைப் பதிவேட்டை மாணவன் ஒருவன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விளையாட்டுத் திடலுக்குப் போவதைப் பார்த்துச் சிரித்துவிட்டதாகவும், அந்தக் கணத்திலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தை நம்ப முடியாமல் போனதாகவும் உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அதை எந்தத் தொழில்முறை விமர்சகரும் எழுதியிருக்க மாட்டார். முப்பது ஆண்டுகள் அந்தப் பதிவேட்டைக் கட்டிக் காத்தவருக்குத்தான் அது கண்ணில் படும். முன்பக்கத்தில் இருந்த விமர்சனத்தில் அந்த வரியை ஏன் சேர்க்காமல் விட்டீர்கள்? விமர்சனம் என்றால் "ஒளிப்பதிவு அருமை" என்று எழுத வேண்டும், பதிவேட்டைப் பற்றி எழுதக்கூடாது என்று யாரோ உங்களை நம்ப வைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கைவிட்டால் போதும்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருநெல்வேலி): நான் பெரும்பாலான படங்களைக் கைப்பேசியில், அதுவும் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறேன். நண்பர்கள் குழுவில் உடனே விமர்சனமும் போட்டுவிடுவேன். சமீபத்தில் ஒரு படத்தில் "உணர்ச்சியே இல்லை" என்று எழுதியதற்கு, "நீ பார்த்த லட்சணத்துக்கு உணர்ச்சி எப்படி வரும்?" என்று ஒரு நண்பன் கேட்டுவிட்டான். எப்படிப் பார்த்தேன் என்பதையெல்லாம் விமர்சனத்தில் சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்ல வேண்டும், தம்பி. உங்கள் நண்பர் குத்தலாகக் கேட்டிருந்தாலும் சரியாகவே கேட்டிருக்கிறார். 150 நிமிடப் படம் உங்கள் கையில் 100 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஒருவர் கேள்வி கேட்டு, மற்றவர் பதில் சொல்லாமல் மூன்று விநாடி தலைகுனிந்து நிற்கும் காட்சியில், இயக்குநர் அளந்து வைத்த அந்த மூன்று விநாடி உங்களுக்கு இரண்டாகிவிட்டது. சண்டைக் காட்சிகள் இதைத் தாங்கிக்கொள்ளும், மௌனம் தாங்காது. ஆகவே நீங்கள் தேடிய உணர்ச்சியை நீங்களே சுருக்கிவிட்டு, அது இல்லை என்று படத்தின்மேல் குற்றம் சாட்டியிருக்கக்கூடும்.

வேகம் மட்டுமல்ல, வீட்டில் பார்க்கிறவர் திரையில் காண்பது, எடுத்தவர் எடுத்த படம்தானா என்பதையே சற்று ஐயத்தோடு பார்க்கப் பழக வேண்டும். அகலத்திரைப் படம், அகலத்துக்கு உயரம் ஏறத்தாழ 2.35-க்கு 1 என்ற அளவில் எடுக்கப்படுகிறது. நம் வீட்டுத் தொலைக்காட்சியின் அளவு 16-க்கு 9. மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிந்தால் படம் முழுமையாக வருகிறது என்று பொருள். அந்தப் பட்டை பலருக்குப் பிடிப்பதில்லை என்பதற்காகச் சில ஒளிபரப்புகளில் படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்பிவிடுகிறார்கள்; அப்போது இரு ஓரங்களிலுமாகச் சேர்த்துப் படத்தின் கால் பங்கு காணாமற்போகிறது. அதைப் பார்த்துவிட்டு, "பேசுகிறவரின் பாதி முகம் சட்டகத்துக்கு வெளியே நிற்கிறது, ஒளிப்பதிவாளருக்கு என்ன ஆயிற்று?" என்று எழுதுகிறவர்கள் உண்டு. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இதற்கு நேர்மாறான கொடுமை நடக்கிறது: ஏறத்தாழச் சதுரமாக இருந்த சட்டகத்தை அகலத்துக்கு இழுத்து நிரப்பும்போது ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடுகிறது. கதாநாயகி பருமனாகத் தெரிகிறார் என்று ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். பருமன் அவர் வீட்டுப் பெட்டியின் அமைப்பில் இருந்தது.

புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு குறை, "பெரிய படம்கூட சீரியல் போலத் தெரிகிறது" என்பது. திரைப்படம் விநாடிக்கு 24 படச்சட்டங்களாக எடுக்கப்படுகிறது. அசைவு வழுவழுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பெட்டியே இடைப்பட்ட சட்டங்களைக் கற்பனையாக உருவாக்கிச் செருகுகிறது. கிரிக்கெட்டுக்கு அது உதவும், சினிமாவுக்கு உதவாது. பெட்டியின் 'பிக்சர்' அமைப்புக்குள் போய் அதை அணைத்துவிடலாம். 2019-க்குப் பிறகு வந்த சில பெட்டிகளில் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்றே ஒரு தேர்வு இருக்கிறது. ஒலியிலும் இதே கதைதான். திரையரங்குக்காக அமைத்த ஒலியில் வசனத்துக்கென்று நடுவில் தனி ஒலிபெருக்கி உண்டு. வீட்டில் அனைத்தும் பெட்டியின் அடியில் இருக்கும் இரண்டு சிறு ஒலிபெருக்கிகளுக்குள் திணிக்கப்படும்போது, வசனம் முணுமுணுப்பாகவும் பின்னணி இசை இரைச்சலாகவும் கேட்கிறது. ஓடிடி செயலியில் ஒலித் தேர்வை 5.1-இலிருந்து (பல ஒலிபெருக்கிகளுக்கான ஒலி) ஸ்டீரியோவுக்கு (இரண்டுக்கான ஒலி) மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகும் இரைச்சலாக இருந்தால் இசையமைப்பாளரைத் திட்டலாம்.

தொலைக்காட்சி அலைவரிசையில் பார்த்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 'ஏ' சான்றிதழ் பெற்ற படங்கள் வெட்டுகளுக்கு உட்பட்டு மறுசான்றிதழ் பெற்ற பிறகே அங்கு வருகின்றன. ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது படத்தொகுப்பாளரின் குறையா, அந்த வெட்டின் விளைவா என்று தெரியாமல் தீர்ப்புக் கூறக் கூடாது.

இதைச் சொல்லும் தகுதியை நான் அடி வாங்கியே பெற்றேன். எண்பதுகளில் வீடியோ டெக்கையும் கேசட்டையும் வாடகைக்கு எடுத்து, தெருவே உட்கார்ந்து ஒரே இரவில் மூன்று படம் பார்த்த காலம் அது. அப்படிப் பார்த்த ஒரு படத்தைப் பற்றி, "முடிவை இவ்வளவு துணிச்சலாக அந்தரத்தில் விட்ட இயக்குநரைப் பாராட்ட வேண்டும்" என்று எங்கள் ஊர் நூலகத்தின் கையெழுத்துப் பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதினேன். நான்கு மாதம் கழித்து அதே படத்தை டூரிங் டாக்கீஸில் பார்த்தபோதுதான், என் துணிச்சலான முடிவுக்குப் பிறகு இன்னும் பதினைந்து நிமிடப் படமும் ஒரு திருமணமும் இருப்பது தெரிந்தது. மூன்று மணி நேர நாடாவில் அதற்குமேல் இடமில்லாததால், கேசட்டைப் பிரதி எடுத்தவர் அங்கேயே நிறுத்தியிருக்கிறார். கையெழுத்துப் பத்திரிகை என்பதால் பிரதி ஒன்றுதான். அதை நான் இரவல் வாங்கி, இன்றுவரை திருப்பித் தரவில்லை.

ஆகவே உங்கள் விமர்சனத்தின் தலைப்பில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எந்தத் தளத்தில், எந்தத் திரையில், எத்தனை அமர்வில், என்ன வேகத்தில் பார்த்தீர்கள் என்று. படிக்கிறவர் உங்கள் தீர்ப்பில் எவ்வளவு கழித்துக்கொள்ள வேண்டுமோ அவ்வளவு கழித்துக்கொள்வார்.

கேள்வி (ஜவுளிக்கடை உரிமையாளர், கோயம்புத்தூர்): எங்கள் குடும்பக் குழுவில் ஒரு துப்பறியும் படத்தின் முடிவைச் சொல்லிவிட்டேன் என்று மைத்துனர் இரண்டு வாரமாகப் பேசுவதில்லை. படம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எத்தனை காலத்துக்கு ஒரு படத்தின் முடிவை மறைத்து வைப்பது?

பதில்: திரையரங்கு ஓட்டத்துக்கு ஒரு கால எல்லை இருந்தது, நூறு நாள் ஓடி முடிந்த பிறகு முடிவைப் பேசினால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டில் பார்க்கும் படத்துக்கு அப்படிப்பட்ட எல்லையே கிடையாது. உங்களுக்கு மூன்று ஆண்டுகளாகப் பழகிய படம் உங்கள் மைத்துனருக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுப்படம். எனவே ஆண்டுக் கணக்குப் பார்க்காதீர்கள். அந்தக் குழுவில் யார் பார்க்கவில்லை என்பதைப் பாருங்கள். மைத்துனரிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்துவிடுங்கள், குழுவில் அல்ல.

முடிவைச் சொல்லாமல் விமர்சனம் எழுத முடியாது என்று இன்னொரு வாசகரும் அலுத்துக்கொண்டிருக்கிறார். முடியும், எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' படத்தை எடுத்துக்கொண்டு முயன்று பாருங்கள். 1954-இல் பாட்டே இல்லாமல் வந்த தமிழ்ப் படம். சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய 1943 அக்டோபரில் கதை நடக்கிறது. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது, ஒருவர் இறந்து விழுகிறார். சுட்டவர் யார் என்பதை விட்டுவிட்டுப் பேச அதில் எவ்வளவோ இருக்கிறது. எடுத்துக்காட்டாக, அதைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' படத்தின் தழுவல் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் வீட்டில் பார்த்தவர் அப்படி எழுத மாட்டார். 'ரஷோமோன்' படத்தில் ஒரே நிகழ்ச்சியை ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கு ஏற்ப வேறு வேறாகச் சொல்கிறார்கள். எது உண்மை என்பது இறுதிவரை உறுதியாவதில்லை. 'அந்த நாள்' படத்தில் விசாரிக்கப்படுகிறவர்களோ, ஒவ்வொருவரும் வேறொருவரைக் காட்டி, இவர் கொன்றிருக்கலாம் என்று தம் ஊகத்தைக் கதையாகச் சொல்கிறார்கள். முதலாவது உண்மையைப் பற்றிய ஐயம், இரண்டாவது மனிதர்கள் ஒருவர்மீது ஒருவர் கொள்ளும் ஐயம். இதைச் சொல்லிவிட்டேன், கொலையாளி இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறார், உங்கள் மைத்துனரும் நிம்மதியாகப் பார்க்கலாம்.

கேள்வி (குறும்படப் போட்டிகளில் பங்கேற்கும் இளைஞர், சேலம்): பேசி எடுத்த விமர்சனக் காணொளியில் படத்திலிருந்து இருபது விநாடிக் காட்சியைச் சேர்த்தேன். யூடியூப் உரிமைக் கோரல் அனுப்பிவிட்டது. முப்பது விநாடி வரை எடுத்தாளலாம் என்பதுதானே சட்டம்?

பதில்: அப்படி ஒரு சட்டம் இல்லை. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள்வது உரிமை மீறலாகாது என்று சொல்கிறதே தவிர, விநாடிக் கணக்கு எதையும் சொல்லவில்லை. பத்து விநாடியும் நியாயமற்றதாக இருக்கலாம், ஒரு நிமிடமும் நியாயமாக இருக்கலாம். எடுத்த பகுதியைப் பற்றி நீங்கள் ஏதாவது பேசுகிறீர்களா, அல்லது காட்சியை ஓடவிட்டு அலங்காரமாக வைத்திருக்கிறீர்களா என்பது முக்கியம். யூடியூபின் கோரல் நீதிமன்றத் தீர்ப்பு அன்று. ஒலியையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் தானியங்கி முறை அது. உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் அங்கேயே மறுப்புத் தெரிவிக்க வழி உண்டு. கைப்பேசியால் தொலைக்காட்சித் திரையைப் படம் பிடித்துச் சேர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் சட்ட நிலை மாறிவிடாது, படம் மட்டும் மங்கும்.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை): டெலிகிராமில் வந்த பிரதியில் புதுப்படத்தைப் பார்த்து விமர்சனம் எழுதினால் அதை ஏற்பீர்களா?

பதில்: ஏற்க மாட்டேன். சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டே சொல்கிறேன். திரையரங்கில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்கிறவர்களுக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் என்று 2023-இல் திருத்தம் வந்துவிட்டது. முன் வரிசைக்காரரின் தலையும், பக்கத்திலிருந்தவரின் இருமலும் சேர்ந்து வரும் பிரதியைப் பார்த்துவிட்டு எழுதினால், நீங்கள் விமர்சிப்பது யாருடைய படைப்பு?

கேள்வி (இல்லத்தரசி, நாகர்கோவில்): 'முள்ளும் மலரும்' படத்தை அண்மையில் மூன்றாம் முறையாக வீட்டில் பார்த்து எழுதியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திருத்தித் தர இயலுமா?

பதில்: உங்கள் விமர்சனத்தின் முதல் பத்தியை அப்படியே தருகிறேன்: "மகேந்திரன் இயக்கத்தில் 1978-இல் வெளிவந்த காவியம். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி. இளையராஜாவின் இசை படத்துக்குப் பெரிய பலம். ரஜினிகாந்த் காளியாகவே வாழ்ந்திருக்கிறார். ஷோபா மனத்தைக் கவர்கிறார். இரண்டாம் பாதியில் சிறிது தொய்வு. மொத்தத்தில் குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம்."

ஒன்று செய்து பாருங்கள். இதில் உள்ள பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு, வேறு ஏதாவது ஒரு படத்தின் பெயர்களைப் பொருத்துங்கள். பொருந்துகிறதல்லவா? எந்தப் படத்துக்கும் பொருந்தும் வாக்கியத்தால் இந்தப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. "கண்ணுக்குக் குளிர்ச்சி" என்பதற்குப் பதிலாக, 'செந்தாழம் பூவில்' பாட்டில் ஜீப் மலைப்பாதையில் போகும்போது நீங்கள் என்ன பார்த்தீர்கள், அந்த வெளிச்சம் உங்கள் ஊர் மலையடிவாரத்து வெளிச்சம்போல் இருந்ததா, இல்லையா என்று எழுதலாம். "வாழ்ந்திருக்கிறார்" என்ற சொல்லை இன்று தமிழ்நாட்டில் எந்த நடிகருக்கும் மறுக்க முடியாத நிலை வந்துவிட்டது, விட்டுவிடுங்கள். "தொய்வு" என்றால் எந்தக் காட்சியில்? உங்களுக்கு எந்த இடத்தில் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கத் தோன்றியது? அந்த இடத்தைச் சொன்னால் போதும்.

ஆனால் உங்கள் தாளின் கடைசியில், பென்சிலால், அடைப்புக்குறிக்குள் எழுதி, அதையும் பாதி அடித்துவிட்டிருந்த வரிகள் இருக்கின்றன. "இறுதியில் காளி மனம் மாறிவிட்டான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்தத் தடவை பார்த்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று இஞ்சினியரிடம் சொல்லிவிட்டுத்தானே தங்கையைக் கொடுக்கிறான். அவன் மாறவில்லை, வழிவிட்டான். என் திருமணத்தில் எங்கள் அப்பாவும் அப்படித்தான் நின்றார்."

அம்மா, நீங்கள் அடித்துவிட்டதுதான் விமர்சனம். அண்ணனை விட்டுப் போக மனமில்லாமல் வள்ளி ஓடி வருகிறாள். அவள் தன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகே காளியால் அவளைக் கொடுக்க முடிகிறது. கொடுக்கும்போதும் பொய்யாக ஓர் அன்பை வரவழைத்துக்கொள்ளாமல், பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டே கொடுக்கிறான். வெறுப்பு தீராமலே ஒருவன் பெருந்தன்மையாக நடந்துகொள்ள முடியும் என்பதைப் படம் காட்டுகிறது. நீங்கள் உங்கள் தந்தையை வைத்து அதைக் கண்டுகொண்டீர்கள். முதல் பத்தி முழுவதையும் நீக்கிவிட்டு, பென்சில் வரிகளிலிருந்து தொடங்குங்கள். தந்தை அன்று எங்கே நின்றார், என்ன செய்தார் என்பதற்கு இரண்டு வரி கூடுதலாகக் கொடுங்கள். அதற்குமேல் வேண்டாம், இல்லாவிட்டால் விமர்சனம் அவரைப் பற்றியதாகிவிடும். படப்பிடிப்பில் நடந்ததாக வழங்கும் கதைகளுக்கு ஒதுக்கியிருக்கும் அரைப் பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். அவை எல்லோருக்கும் எங்கிருந்தோ கிடைப்பவை. நீங்கள் பார்த்தவை அல்ல.

கேள்வி (வங்கி ஊழியர், வேலூர்): நட்சத்திரம் கொடுப்பதா, மதிப்பெண் கொடுப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம் என்பேன். ஆனந்த விகடன் 1977-இல் '16 வயதினிலே' படத்துக்கு அளித்த 62.5 மதிப்பெண்ணைப் பற்றி இன்றும் பேசுகிறோம் என்றால், அந்தப் பத்திரிகை ஆண்டுக்கணக்கில் ஒரே கண்டிப்போடு எண்ணிட்டுக்கொண்டு வந்ததே அதற்குக் காரணம். நூற்றுக்கு அறுபதைத் தாண்டுவதே பெரும்பேறு என்று வாசகருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் அளவுகோலைப் படிக்கிறவர் அறிய வேண்டுமானால் நீங்களும் ஐம்பது படங்களுக்காவது தொடர்ந்து எண்ணிட வேண்டும். உங்கள் குழுவில் இதுவரை ஐந்துக்கு மூன்றுக்குக் கீழே யாரும் கொடுத்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த மூன்றுக்கு என்ன பொருள்?

கேள்வி (செவிலியர், திருச்சி): மலையாளம், கொரியப் படங்களைத் தமிழ் டப்பிங்கில் பார்க்கிறேன். நடிப்பைப் பற்றி நான் எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் யாருடைய நடிப்பு என்பதைப் பிரித்து எழுத வேண்டும். முகமும் உடலும் அந்த நடிகருடையவை. குரல் சென்னையில் ஓர் அறையில் பேசியவருடையது. உதட்டசைவுக்குப் பொருத்த வேண்டியிருப்பதால் வசனத்தின் சொற்களும் பல இடங்களில் மாறியிருக்கும். "வசனம் செயற்கையாக இருக்கிறது" என்று எழுதுமுன், அதே காட்சியை மூல மொழியில், தமிழ் அல்லது ஆங்கில சப்டைட்டிலோடு ஐந்து நிமிடம் பாருங்கள். மலையாளத்துக்கு இது நமக்குக் கடினமும் இல்லை. சில நாளில் சப்டைட்டிலைப் பார்க்காமலே முக்கால்வாசி புரியத் தொடங்கும். குரல் மோசமாக இருந்தால் குரல் மோசம் என்றே எழுதுங்கள், அதற்குப் பாவம் அந்தக் கொரிய நடிகர் பொறுப்பாக மாட்டார். ஒரு செவிலியராக நீங்கள் எழுத வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. மருத்துவமனைக் காட்சிகளில் நாடி பார்க்கும் விரல் எங்கே வைக்கப்படுகிறது என்பதை எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த மொழிப் படமாக இருந்தாலும் சரி.

கேள்வி (காணொளி விமர்சனம் செய்யும் இளைஞர், சென்னை): எனக்குச் சில ஆயிரம் பேர் பார்வையாளர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஓடிடியில் வந்த ஒரு படத்தைப் பாராட்டிப் பேசினால் பணம் தருவதாக ஓர் இடைத்தரகர் கேட்கிறார். வாங்கினால் தவறா? முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று வேறு பேசிக்கொள்கிறார்களே?

பதில்: வாங்கினால் அது விளம்பரம், விளம்பரம் என்று காணொளியிலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் 2021-இல் வெளியிட்ட நெறிமுறை அதைத்தான் சொல்கிறது. குறிப்பிட்டால் தரகர் பணம் தர மாட்டார் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும், ஆகையால் கேள்விக்கு விடையும் தெரிந்திருக்கும். மூன்று நாள் செய்தி 2024-ஐச் சேர்ந்தது. படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனக் காணொளிகளைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. அந்தச் சச்சரவெல்லாம் முதல் காட்சி முடிந்து வாசலில் ஒலிவாங்கியோடு நிற்கிறவர்களைப் பற்றியது. வீட்டில் பார்க்கிறவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை. இரவு பார்த்தால் காலையில் எழுதுங்கள். தூங்கி எழுந்தபின் எந்தக் காட்சி நினைவில் நிற்கிறதோ அதிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி (ஓய்வுபெற்ற நூலகர், புதுச்சேரி): குழுவில் அனுப்பும் விமர்சனங்கள் நாளடைவில் காணாமற்போகின்றன. எப்படிச் சேர்த்து வைப்பது?

பதில்: நூலகருக்கு நான் சொல்லித் தர வேண்டுமா, ஐயா? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப் பக்கத்தில் தேதி, எந்தத் தளம், எந்தப் பிரதி, யார் யாரோடு பார்த்தது, இடையில் எத்தனை முறை எழுந்தது. வலப் பக்கத்தில் விமர்சனம், ஆனால் பக்கத்தின் அடிப்பகுதியை வெறுமையாக விட்டுவிடுங்கள். சில ஆண்டு கழித்து மறுபடி பார்க்கும்போது வேறு மையில் எழுத அது தேவைப்படும். இடப் பக்கத்தில் எழுத அலுப்பாக இருக்கும், ஆனாலும் எழுதுங்கள். என் 1986-ஆம் ஆண்டு நோட்டில் ஒரு படத்துக்கு எதிரே, "இரவு 9.40 முதல் 10.15 வரை மின்சாரம் இல்லை, மீதிப் படம் எதிர்வீட்டில், அவர்கள் வீட்டில் முறுக்கு" என்றிருக்கிறது. வலப் பக்கத்தில் "பரவாயில்லை" என்ற ஒற்றைச் சொல். எந்தப் படம் என்று எழுத மறந்திருக்கிறேன்.